பிளாஸ்டிக் சாலை: ஜல்லியின் மேல் படியும் மெல்லிய உறை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியில் தமிழ்நாட்டின் ஏதாவது ஓர் ஊர்ச் சாலையில் நடந்து பார்த்தால், ஐப்பசி வரை முழுதாக இருந்த தார்ப்பரப்பில் ஆங்காங்கே ஜல்லி பெயர்ந்து கிடப்பதையும், ஓரங்கள் உதிர்ந்திருப்பதையும், கையகலக் குழிகள் முறம் அகலத்துக்கு விரிந்திருப்பதையும் காணலாம். வண்டிகளின் பாரத்தோடு தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை இது. கருங்கல்லின் பரப்பு இயல்பாகவே நீரை ஈர்ப்பது. தாரோ கச்சா எண்ணெயிலிருந்து வருவதால் நீரோடு ஒட்டாதது. சாலையில் தேங்கும் நீர் நுண்ணிய இடைவெளிகள் வழியே இறங்கி, கல்லுக்கும் அதன்மேல் பூசப்பட்ட தார்ப்படலத்துக்கும் நடுவே புகுந்து, அந்தப் படலத்தைக் கல்லிலிருந்து மெல்ல உரிக்கிறது. மேலே சக்கரம் ஏறும்போதெல்லாம் அந்த நீர் இன்னும் ஆழத்துக்கு அழுத்தப்படுகிறது. உரிந்த கல் பிடிப்பிழந்து பெயர்கிறது. அது பெயர்ந்த இடத்தில் பக்கத்துக் கல்லுக்கும் அண்டக்கொடுப்பு இல்லாமல் போகிறது.

பிளாஸ்டிக் கழிவையும் சேர்த்துப் போடும் தார்ச்சாலையைத்தான் பிளாஸ்டிக் சாலை என்கிறோம். அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குப்பை மேட்டிலிருந்துதான் தொடங்குகிறது. நான் சாலையில் தொடங்குவதற்குக் காரணம், இந்த முறையின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது என்று கருதுவது. தூக்கி எறிந்த பாலித்தீன் பைகளைச் சாலைக்குள் போட்டு மறைப்பது இதன் சாரமாக இருந்தால் இவ்வளவு அக்கறையோடு பேச வேண்டிய தேவையே இல்லை. கல்லுக்கும் தாருக்கும் இடையே உள்ள அந்தப் பலவீனமான பிடிப்பைப் பலப்படுத்துகிறது என்பதால்தான் இது பேசத்தக்கதாகிறது.

இந்த முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன். பாலித்தீனும் தாரும் இரண்டுமே பெட்ரோலியத்தின் வழிவந்த ஹைட்ரோகார்பன்கள் என்பதால் அவை ஒன்றோடொன்று நன்றாகப் பிணையும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பிளாஸ்டிக்கைத் தாரில் கரைப்பதற்குப் பதிலாகச் சூடான ஜல்லியின் மேல் தூவலாமே என்ற எண்ணம்தான் திருப்பமாக அமைந்தது. அப்துல் கலாம் தந்த ஊக்கத்தை அவர் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 2002-இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே முதல் சாலை போடப்பட்டது. கல்லூரி காப்புரிமை பெற்ற பிறகும், பணம் கேட்காமல் அந்தத் தொழில்நுட்பத்தை நாட்டுக்கு அளித்தது. 2018-இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் பெங்களூரில் அகமது கான், ரசூல் கான் என்ற சகோதரர்கள் வேறொரு வழியில் இதே இலக்கை நோக்கிச் சென்றார்கள். பிளாஸ்டிக் பை தயாரிப்புத் தொழிலில் இருந்த அவர்கள், பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு கலந்து அந்தக் கலவையைச் சாலைக்குப் பயன்படுத்தும் முறையைக் கையாண்டார்கள். பொறியாளர்கள் இதை ஈர முறை என்றும், மதுரை முறையை உலர் முறை என்றும் அழைக்கிறார்கள். ஈர முறையில் தாரின் தன்மையே மாறுகிறது என்பது ஒரு நன்மை. ஆனால் பிளாஸ்டிக் தாரோடு சீராகக் கலக்க வேண்டுமானால் வலுவான கலக்கிகள் வேண்டும். கலக்குவதை நிறுத்தினால் இரண்டும் பிரிந்துவிடக்கூடும். சேர்க்கக்கூடிய அளவும் குறைவு. உலர் முறைக்குப் புதிய ஆலை எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே இயங்கும் தார்க்கலவை ஆலையில், ஜல்லி சூடேறி வரும் இடத்தில் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சேர்க்க ஒரு வழி இருந்தால் போதும். மாவட்ட அளவிலான சிறு ஒப்பந்ததாரருக்கும் கைக்கெட்டும் முறையாக இது இருப்பதற்கு இந்த எளிமையே காரணம்.

செய்முறை இப்படி அமைகிறது. சேகரித்த பைகளையும் உறைகளையும் சுத்தம் செய்து உலர்த்தி, சில மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளாக வெட்டுகிறார்கள். ஜல்லி 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்படுகிறது. துணுக்குகளை அதன்மேல் தூவிப் புரட்டினால் அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடத்துக்குள் அவை உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் எண்ணெய் பூசியதுபோல் மெல்லிய உறையாகப் படிந்துவிடுகின்றன. அதன் பிறகே சூடான தார் சேர்கிறது. கலவை வழக்கமான வண்டியில் ஏற்றப்பட்டு, வழக்கம்போல் பரப்பப்பட்டு, 110 முதல் 120 டிகிரி வெப்பத்தில் ரோலரால் அழுத்தப்படுகிறது. அடர்த்தி குறைந்த பாலித்தீன் 110 டிகிரியை ஒட்டியும், அடர்த்தி மிகுந்த பாலித்தீன் 130-ஐ ஒட்டியும், பாலிபுரொப்பிலீன் 160-ஐ ஒட்டியும் உருகுபவை என்பதால், ஜல்லியின் சூடு ஒன்றே இவற்றை உருக்கப் போதுமானது. தனியாக அடுப்பு வேண்டியதில்லை.

அந்த உறை செய்யும் வேலையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கல்லின் நுண்துளைகளை அது அடைத்துவிடுகிறது; ஆகவே கல் உறிஞ்சும் நீரின் அளவு குறைகிறது. நீரை விரும்பும் பரப்பின் மேல் எண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஒரு பரப்பு உருவாகிவிடுவதால், தார் அதன்மேல் இறுகப் பற்றுகிறது. உறை போட்ட ஜல்லியைத் தாரோடு கலந்து 72 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்த பின்னும் தார் உரியவில்லை என்பது ஆய்வகச் சோதனைகளில் கண்டது. தேய்மானத்தையும் இடிப்பையும் தாங்கும் திறனும் கூடுகிறது. தரத்தில் சற்றுக் குறைந்த ஜல்லிகூட உறை போட்ட பின் பயன்படுத்தத்தக்கதாகிறது. வெயிலிலும் இதற்கு ஒரு பயன் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிச் சூடேறக்கூடியது. சாதாரணத் தார் 50 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்குகிறது. இளகிய தார் மேலே கசிவதும், சக்கரத் தடங்கள் பள்ளமாக அமுங்குவதும் அதனால்தான். பிளாஸ்டிக் கலந்த கலவை இந்த இளக்கத்தைத் தள்ளிப்போடுகிறது.

ஆய்வகத்தில் நன்றாக இருப்பது தெருவிலும் நன்றாக இருக்குமா என்பதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்துப் பார்த்தது. சென்னை ஜம்புலிங்கம் தெரு (2002), ஈரோடு வீரபத்திரர் தெரு (2003), மதுரை வண்டியூர்ச் சாலை (2004), விளாச்சேரிச் சாலை (2005), தியாகராசர் கல்லூரியின் உணவகச் சாலை (2006) ஆகிய ஐந்தும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. சாலையின் மேடுபள்ளம், வழுக்குத்தன்மை, பாரம் ஏறும்போது அமுங்கும் அளவு, மேற்பரப்பின் சொரசொரப்பு ஆகியவை அளக்கப்பட்டன. குழிகளோ சக்கரத் தடப் பள்ளங்களோ ஜல்லி பெயர்தலோ குறிப்பிடும்படி இல்லை என்பது 2008-09-இல் வெளியான அந்த அறிக்கையின் முடிவு. ஆய்வு நடந்தபோது அவற்றில் மிகப் பழைய சாலைக்கே வயது ஆறைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும். ஆனாலும் மூன்று நான்கு மழைக்காலங்களில் பெயர்ந்துபோகும் சாலைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அது சிறிய செய்தி அன்று.

இனி அளவுக்கு வருவோம். ஒருவழிச் சாலையின் அகலம் 3.75 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 25 மில்லிமீட்டர் கனத்தில் மேலடுக்கு போட்டால் ஏறத்தாழ 215 டன் கலவை தேவைப்படும். அதில் தார் பத்து டன்னுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சாலைகளுக்கான தரநெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் பேரவை 2013-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்கின்றன. ஆகவே ஒரு கிலோமீட்டர் ஒருவழிச் சாலை ஒரு டன்னை ஒட்டிய பிளாஸ்டிக்கை ஏற்றுக்கொள்ளும். அதே அளவுக்குத் தார் மிச்சமாகும். இந்த ஒரு டன்தான் மேடைகளில் பத்து லட்சம் கேரி பேக்குகள் என்று பெருமையோடு சொல்லப்படுவது.

பத்து லட்சம் பைகள் என்பது பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் 2019-20-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உருவான பிளாஸ்டிக் கழிவு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 4.31 லட்சம் டன். மாநில நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் ஏறத்தாழ 70,000 கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மேலடுக்கு போடுவதாகவும், சராசரியாக எல்லாமே இருவழி அகலம் கொண்டவை என்றும், ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் சேர்ப்பதாகவும் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 28,000 டன்தான் செலவாகும். கழிவின் மொத்த அளவில் இது ஏழு விழுக்காட்டைக்கூட எட்டாது. ஊராட்சிச் சாலைகளையும் மாநகராட்சித் தெருக்களையும் சேர்த்து இதை இரண்டு மூன்று மடங்காக்கினாலும் குப்பையின் பெரும்பகுதி வெளியேதான் நிற்கும். பிளாஸ்டிக் சாலை நம் குப்பைச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு விதித்த தடையை, சாலைதான் இருக்கிறதே என்ற எண்ணத்தில் தளர்த்திவிட முடியாது.

சுற்றுச்சூழலுக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம், ஒரு கிலோமீட்டருக்குத் தேவைப்படும் அதே 215 டன் கலவையில் ஒளிந்திருக்கிறது. அதில் இருநூறு டன்னுக்கு மேல் ஜல்லி. ஜல்லி என்றால் மலை. மதுரையைச் சுற்றி ஒருகாலத்தில் குன்றுகள் நின்ற பல இடங்களில் இன்று பச்சை நீர் தேங்கிய ஆழமான குவாரிப் பள்ளங்கள் இருக்கின்றன. வெடி வைத்து உடைத்து, கிரஷரில் அரைத்து, லாரியில் ஏற்றி, டீசல் எரித்துச் சூடாக்கிப் போட்ட ஒரு மேலடுக்கு நான்கு ஆண்டில் பெயர்ந்தால் அத்தனையும் மறுபடி நடக்க வேண்டும். அதே அடுக்கு ஆறு ஆண்டு நின்றால், பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில் மூன்று முறை போட வேண்டியதை இரண்டு முறை போட்டால் போதும். கல், தார், டீசல், புகை எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். எட்டு விழுக்காடு தாருக்குப் பதில் பிளாஸ்டிக் போட்டதால் கிடைக்கும் சேமிப்பு இதன் பக்கத்தில் மிகச் சிறியது. ஆகவே ஒரு பிளாஸ்டிக் சாலை எத்தனை டன் குப்பையை விழுங்கியது என்று கேட்பதைவிட, எத்தனை மழையைத் தாங்கியது என்று கேட்பதே பொருத்தமான அளவுகோல். அதிகாரிகளின் புள்ளிவிவரங்களில் முதல் கேள்விக்குத்தான் பெரும்பாலும் இடம் கிடைக்கிறது என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

சாலையின் ஆயுள்தான் முக்கியம் என்று ஏற்றுக்கொண்டால், அதற்குள் எந்தப் பிளாஸ்டிக் போகிறது என்பது உடனே முக்கியமாகிவிடுகிறது. பாலித்தீன் பைகள், பால் உறைகள், பாலிபுரொப்பிலீன் உறைகள் ஆகியவை ஏற்றவை. குடிநீர் பாட்டில் செய்யும் பெட் வகை 250 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் ஜல்லியின் சூட்டில் அது உறையாகப் படியாது. பிவிசி கூடவே கூடாது. விளம்பரப் பதாகைகளிலும் குழாய்களிலும் இருக்கும் அந்த வகையில் குளோரின் இருப்பதால், சூடேறும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் தன்மையுள்ள நச்சு வாயுவை வெளிவிடும். பலமுறை மறுசுழற்சி ஆகித் தரம் இழந்த கறுப்புப் பைகளையும் பேரவையின் நெறிகள் விலக்குகின்றன. மண்ணும் தூசும் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் அவை சொல்கின்றன. கல்லின் மேல் உறை படிவதற்குப் பதிலாகச் சேற்றுப்பொடி படிந்தால், எந்தப் பிடிப்புக்காக இத்தனையும் செய்கிறோமோ அந்தப் பிடிப்பே கெட்டுவிடும் என்பதுதான் இந்த நிபந்தனையின் காரணம்.

இங்கே இன்னொரு கேள்வியும் எழுகிறது. சுத்தமான, ஒரே வகையான, நல்ல பாலித்தீன் கிடைத்தால் அதைச் சாலையில் போடுவது சரியா? காயலான் கடைக்காரருக்கு அது காசு. அதை உருக்கிக் குருணையாக்கி வாளியோ பாயோ செய்ய ஆள் இருக்கிறது. சாலைக்குள் போன பிளாஸ்டிக் மறுபடி பிளாஸ்டிக்காகத் திரும்பி வராது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் இதை உணர்ந்தே, மேற்கொண்டு மறுசுழற்சி செய்ய இயலாத பிளாஸ்டிக்கையே முன்னுரிமையாகச் சாலைக்குப் பயன்படுத்துமாறு உள்ளாட்சி அமைப்புகளை ஊக்குவிக்கச் சொல்கின்றன. 2022 பிப்ரவரியில் உற்பத்தியாளர்களின் பொறுப்புக் குறித்து வந்த நெறிகள் இன்னும் தெளிவாக, சாலை போடுவதை மறுசுழற்சி என்ற கணக்கில் சேர்க்காமல், சிமென்ட் உலையில் எரிப்பதோடும் எண்ணெயாக மாற்றுவதோடும் சேர்த்து, இறுதி அகற்றல் என்ற வரிசையில் வைக்கின்றன. இந்த வகைப்பாடு சரியானது என்றே நினைக்கிறேன். ஒரு நிறுவனம் மறுசுழற்சிக்கு ஏற்ற உறையைத் தயாரிக்க வேண்டிய கடமையிலிருந்து, தன் உறைகளைச் சாலையில் போட்டுத் தப்பிக்கக்கூடாது. அதே நேரம், காயலான் கடையும் வாங்காமல் ஒதுக்கும் மெல்லிய பைகள், மளிகைப் பொட்டலங்களின் கிழிந்த உறைகள் போன்றவை வாய்க்காலை அடைப்பதைவிடவும் தெருமுனையில் எரிக்கப்படுவதைவிடவும் சாலைக்குள் போவது எவ்வளவோ மேல்.

அப்படிப்பட்ட உறைகளைச் சேர்ப்பதுதான் இந்த முறையின் கடினமான பாதி. ஆலையில் நடப்பது முக்கால் நிமிட வேலை. அதற்கு முன் நடப்பது பல நாள் உழைப்பு. சாம்பாரும் தயிரும் ஒட்டிய பைகளை வீடுகளிலிருந்து வாங்கி, மக்கும் குப்பையிலிருந்து பிரித்து, வகை பார்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, பின் வெட்டும் இயந்திரத்தில் போடும் வேலையைத் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் செய்துவருகிறார்கள். மெல்லிய பை எடையே இல்லாதது. ஒரு கிலோ சேர நூற்றுக்கணக்கான பைகளைக் கையால் எடுத்தாக வேண்டும். துணுக்குக்குக் கிலோவுக்கு என்ன விலை என்பதை ஒப்பந்ததாரரின் வசதியைப் பார்த்து முடிவு செய்தால், இந்த உழைப்புக்குக் கூலி கட்டாது. கூலி கட்டாத இடத்தில் கழுவுவதும் வகை பிரிப்பதும் முதலில் கைவிடப்படும். அதன் விளைவு சாலையில்தான் தெரியும்.

கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே நீண்டகரைத் துறைமுகத்தில் 2017-இல் தொடங்கிய சுசித்வ சாகரம் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வலையில் மீனோடு சேர்ந்து வரும் பிளாஸ்டிக்கை முன்பெல்லாம் மீனவர்கள் கடலிலேயே திருப்பி எறிந்துவிடுவார்கள். அதைக் கரைக்குக் கொண்டுவரப் பைகள் கொடுக்கப்பட்டு, துறைமுகத்தில் பெண் பணியாளர்கள் அதைக் கழுவி, உலர்த்தி, துண்டாக்கிச் சாலைப் பணிக்கு அனுப்பினார்கள். முதல் பத்து மாதங்களில் ஏறத்தாழ 25 டன் கடலிலிருந்து வெளியேறியது. உப்பும் சிப்பியும் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கை வேறு யாரும் விலைகொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். கூலி பெறும் ஆளும், கழுவும் தொட்டியும், துணுக்கை வாங்கிக்கொள்ளும் சாலையும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டதால்தான் அது நடந்தது.

ஆலையின் வெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 170 டிகிரிக்குள் பாலித்தீன் உருகுமே தவிரச் சிதையாது. 270 டிகிரிக்கு மேல்தான் அது வாயுக்களாகச் சிதையத் தொடங்கும். ஆகவே முறையாகச் செய்தால் நச்சுப்புகை வரக்கூடாது. ஆனால் வெப்பமானி பழுதான சிறிய ஆலையில், கண்பார்வையை நம்பி நெருப்பை ஏற்றி இறக்கும் இடத்தில், பிவிசி பிரிக்கப்படாத துணுக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் ஆலையில் நிற்கும் தொழிலாளி. சாலைக்குப் பிளாஸ்டிக் பாதுகாப்பானது என்ற கூற்று வெப்ப அளவையும் வகைப் பிரிப்பையும் நம்பியே நிற்கிறது. அவற்றைச் சரிபார்க்காத இடத்தில் அந்தக் கூற்றும் நிற்காது.

நுண்பிளாஸ்டிக் பற்றிய அச்சமும் நியாயமானது. உறை கல்லுக்கும் தாருக்கும் நடுவே இருப்பதால் அது எளிதில் வெளிவராது என்பது ஒரு பக்கம். ஆனால் எந்தச் சாலையும் தேயும். தேயும்போது தாரோடு பிளாஸ்டிக்கும் பொடியாகும். அந்தப் பொடியில் டயரின் துகளும் கலந்திருப்பதால் எது எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்து மறுபடி சூடாக்கிப் பயன்படுத்தும் வழக்கம் இந்தியாவில் பெருகிவருவதால், பிளாஸ்டிக் கலந்த அடுக்குகளைச் சுரண்டும்போது எழும் தூசியையும், அவற்றிலிருந்து வடியும் மழைநீரையும் சோதிப்பது சாலைத் துறைகளின் வழக்கமான வேலையாக வேண்டும்.

உலகின் பிற நாடுகளில் பிளாஸ்டிக் சாலை என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஒன்றல்ல. நெதர்லாந்தின் ஸ்வோல நகரில் 2018-இல் திறக்கப்பட்ட 30 மீட்டர் சைக்கிள் பாதை, தொழிற்சாலையில் வார்த்தெடுத்த உட்குழிவான பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கிச் செய்தது. ஜல்லியும் தாரும் கலக்கும் மதுரை முறைக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை இல்லை. ஒன்றின் வெற்றியையோ தோல்வியையோ மற்றதன் மேல் ஏற்றிப் பேசக்கூடாது.

இந்தியாவில் இதற்கு ஆணைகளுக்குப் பஞ்சமில்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களின் சுற்றெல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் போடப்படும் தார்ச்சாலைகளில் பிளாஸ்டிக் கழிவைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015 நவம்பரிலேயே அறிவித்தது. ஆறு ஆண்டு கழித்து, 2021-இல், தேசிய நெடுஞ்சாலைகளில் பிளாஸ்டிக் கழிவு சேர்த்துப் போடப்பட்டிருந்தது 703 கிலோமீட்டர் என்று அரசு தெரிவித்தது. தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் நாட்டில் இது மிகக் குறைவு. மனமில்லாமை மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. பெரிய நெடுஞ்சாலை ஒப்பந்தத்துக்கு வேண்டிய அளவில், வேண்டிய நாளில், வேண்டிய தரத்தில் துணுக்கு கிடைத்தால்தான் ஒப்பந்ததாரர் அதை நம்புவார். தொடர்ந்து வாங்க ஆள் இருந்தால்தான் ஊராட்சி ஒன்றியம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டும். இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்துக் காத்துக் கிடக்கின்றன.

இதை அவிழ்க்க வேண்டியது சாலை ஒப்பந்தத்தில்தான். துணுக்கின் விலையைக் கழுவும் கூலியும் அடங்குமாறு மாவட்ட அளவில் நிர்ணயிப்பதும், ஒவ்வொரு கலவைக்கும் ஆலையின் வெப்பத்தையும் சேர்த்த துணுக்கின் எடையையும் பதிவு செய்வதும், சாலை குறைபாட்டுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலத்தைப் பிளாஸ்டிக் சாலைகளுக்குக் கூடுதலாக வைப்பதும் செய்யக்கூடியவையே. கூடுதல் ஆயுளுக்குப் பொறுப்பேற்கும் ஒப்பந்ததாரர் அழுக்குத் துணுக்கை ஏற்க மாட்டார். நல்ல துணுக்குக்கு நல்ல விலை கொடுக்க அவருக்கே ஒரு காரணம் கிடைத்துவிடும். அத்துடன், ஜம்புலிங்கம் தெருவிலும் வண்டியூரிலும் ஒருமுறை செய்த அளவீட்டை, பிளாஸ்டிக் சேர்த்த ஒவ்வொரு சாலையிலும் ஐந்தாவது மழைக்காலம் முடிந்த மார்கழியில் செய்து, பக்கத்தில் அதே ஆண்டில் போட்ட சாதாரணத் தார்ச்சாலையின் அளவுகளோடு சேர்த்து வெளியிட வேண்டும்.